கோழி அடைகாத்த கொம்புகள்

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு, வோக்ரெஸ் கிராமத்தில் கார் நிறுத்த இடமில்லை. சர்ச் வாசலில் கார், கல்லறைச் சுவரோரம் கார், மேயர் வீட்டு ரோஜாப் பாத்தியில் ஒரு கார். பூசைக்கு வந்த கூட்டமோ என்று நினைத்துவிடாதீர்கள். பூசைக்கு வந்தவர்கள் பாதிரியாரையும் சேர்த்து ஒரு பெஞ்சுக்குக்கூடக் காணாது. மற்ற அத்தனை பேரும் வந்தது மாட்டுக் கொம்பில் கல்லுப்பொடி அடைப்பதற்கு.

பாரிசிலிருந்து வக்கீல் வந்திருந்தார், பல் டாக்டர் வந்திருந்தார், வங்கியில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் ஒருத்தி விலைச்சீட்டு கிழிக்காத ரப்பர் பூட்சோடு வந்திருந்தாள். உர்பேன் லஷோம் என்ற திராட்சை விவசாயியின் கொட்டகையில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கொம்பும் கரண்டியுமாகப் பிசைந்தார்கள். படிகக் கல்லை மாவாக இடித்து, மழைத்தண்ணீர் விட்டுக் குழைத்து, கொம்புக்குள் அடைத்து, வாயைக் களிமண்ணால் பூசி, மண்ணில் புதைத்துவிட வேண்டும். கோடை முழுக்க அது உள்ளே கிடந்து சூரியனையும் சனியையும் குடிக்குமாம். இலை பழுக்கும் காலத்தில் தோண்டி எடுத்து, தண்ணீரில் கலக்கிக் கொடிமேல் தெளித்தால் ஒயினுக்கு ஆத்மா வந்துவிடுமாம். ஒரு நிபந்தனை, கொம்பு ஈன்ற பசுவினுடையதாக இருக்க வேண்டும். காளைக் கொம்பு ஆகாது. காளைக்கு அந்த அளவுக்கு ஞானம் போதாது போலிருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் முசியே பல்தசார். வெள்ளைத் தாடி, பழுப்புக் கம்பளி மேலங்கி, கழுத்தில் நூலில் தொங்கும், குறி பார்க்கிற பித்தளைக் குண்டு. முன்பு தூர் நகரத்தில் மெத்தை விற்றுக்கொண்டிருந்தவர். மெத்தை விற்பவனிடம் வாங்கியவன் திரும்பி வந்து சண்டை போடலாம், ஸ்பிரிங் குத்துகிறது என்று சட்டையைப் பிடிக்கலாம். கிரகத்தை விற்றால் அந்தத் தொல்லை கிடையாது. அதனால் தொழிலை மாற்றிக்கொண்டார். இப்போது அவரை எல்லாரும் ஆசான் என்றார்கள்.

நிலத்தில் விஷம் தெளிக்காமல் விவசாயம் பார்ப்பது நல்ல காரியம்தான், அதில் யாருக்கும் வழக்கில்லை. உயிராற்றல் வேளாண்மை என்று அதற்கொரு பெயர் வைத்து உண்மையாக உழைக்கிறவர்களும் உண்டு. ஆசான் அந்த உழைப்பின் தோள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊர்வலம் போனார். கொம்பு அவரிடம்தான் வாங்க வேண்டும். பிசைய வருகிறவர்கள் பிசைவதற்குக் காசு கட்ட வேண்டும். அறுவடைக்கு பாரிசிலிருந்து பஸ் நிறைய ஆள் கூட்டி வருவார்; அவர்களும் கொத்து வெட்டுவதற்குக் காசு கட்டுவார்கள். வேலை செய்கிறவனுக்குக் கூலி கொடுப்பது உலக வழக்கம். வேலை செய்கிறவனிடமே கூலி வாங்கிய புண்ணியவான் இவர் ஒருவர்தான். போதாக்குறைக்கு, விளைச்சலில் முதல் பீப்பாய் அவருக்கு. அதில் தன் தாடிப்படம் ஒட்டிப் பாரிசில் விற்றுக்கொள்வார்.

உர்பேனின் மனைவி நொயேமி அன்று அடுப்படியில் இருந்தாள். மேல்சரிவுத் தோட்டம் அவள் பிறந்த வீட்டுச் சொத்து. கொடி நறுக்குவதும் கட்டுவதும் அவள் கைதான். போன வருஷம் பழம் பழுத்துத் தொங்கியபோது, நிலா இறங்குமுகமாகட்டும், கிரகம் பார்த்துத் தான் குறித்த கனி நாள் வரட்டும் என்று ஆசான் நிறுத்திவைத்தார். கனி நாளுக்கு முன்னால் மழை வந்தது. கொத்துகளில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துப் பாதி மண்ணோடு போயிற்று. மீதியில் செய்த ஒயினில் நனைந்த காலுறை வாடை அடித்தது. நிலத்துக்கு உங்கள்மேல் வருத்தம் என்று ஆசான் காரணம் சொன்னார். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பெரிய கம்பெனிக்காரன் ஆளனுப்பி மேல்சரிவை அளந்துவிட்டுப் போனான். இந்த வருஷமும் விளைச்சல் போனால் விற்பதைத் தவிர வழியில்லை. நொயேமிக்கு அந்த நினைப்பு வரும்போதெல்லாம் மனம் கலங்கும். உர்பேனுக்கும் கலங்கியது. அவள் கலங்கி வேலை செய்தாள், அவன் கலங்கிக் கொம்பு வாங்கினான்.

மேல்சரிவின் மூலையில் பள்ளம் தயாராக இருந்தது. ஆசான் பள்ளத்தின்மேல் குண்டைத் தொங்கவிட்டு, வியாழனும் செவ்வாயும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று விளக்கினார். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆசான் விதியைச் சொன்னார். சாப்பாட்டுக்குப் பின், வீட்டுத் தலைவன் மட்டும் தனியாக வந்து, வாய் பேசாமல் கொம்புகளைப் புதைக்க வேண்டும். வேறு கண் படக் கூடாது.

சாப்பாடு என்றால் வோக்ரெஸில் சாப்பாடு. நாராகப் பிய்த்த பன்றி இறைச்சியில் தொடங்கி, ஆட்டுக்குட்டித் தொடை வழியாக, வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டியில் வந்து சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஒயின், ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரு பேச்சு. உர்பேன் எழுந்தபோது மேசையும் கூடவே எழுந்ததாக அவனுக்குத் தோன்றியது. கையிலிருந்த புட்டியோடு தனியாக, வாய் பேசாமல் சரிவேறினான். பள்ளம் தெரிந்தது. மண்வெட்டி தெரிந்தது. பக்தியோடு பள்ளத்தை மூடி, மிதித்து, தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டு இறங்கி வந்தான். கூட்டம் கைதட்டியது.

கொம்புகள் வைக்கோல் போட்ட மரப்பெட்டியில், கொட்டகையில், பழைய திராட்சைப் பிழிபொறிக்குப் பின்னால் அப்படியே இருந்தன.

மே மாதம் பனிச் சாமியார்கள் மூவரின் திருநாள் வரும். அந்தச் சாமியார்கள் போகும்வரை தக்காளி நாற்றைக்கூட வெளியே வைக்க மாட்டார்கள் அந்த ஊரில். அந்த வருஷம் சாமியார்கள் வெறுங்கையோடு வரவில்லை. விடிந்து பார்த்தால் ஆற்றோரம் முழுக்க உறைபனி. ஃபெர்னான் என்ற பக்கத்துத் தோட்டக்காரனின் இளந்துளிரெல்லாம் தீய்ந்து கறுத்துவிட்டன. மேல்சரிவில் ஒரு மொட்டுக்கும் சேதமில்லை.

காரணம் ஒன்றும் பரம ரகசியமில்லை. குளிர்ந்த காற்று கனமானது, இறங்கிப் போய்ப் பள்ளத்தில் தேங்கும், மேடு தப்பிக்கும். அந்த ஊர் ஆடுகள்கூட இதைத் தெரிந்துகொண்டு மேட்டில்தான் படுக்கும்.

அன்று காலை நொயேமி கோழியைத் தேடிக்கொண்டிருந்தாள். சீமாட்டி என்று பேர் வைத்த செங்கோழி. நாலைந்து நாளாக ஆளைக் காணோம். நரிதான் கொண்டுபோயிருக்கும் என்று கைவிட்டிருந்தாள். பிழிபொறிக்குப் பின்னால் ஏதோ முனகியது. எட்டிப் பார்த்தால் மரப்பெட்டிக்குள் சீமாட்டி இறகைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறாள். கையை விட்டுத் தூக்கியதும் அடியில் முட்டைகள். முட்டைகளுக்கு நடுவில், களிமண் பூசிய வாயோடு, பசுக்கொம்புகள்.

நொயேமிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பிழிபொறியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, உர்பேனிடம் சொல்லிவிட வேண்டும் என்று மேல்சரிவுக்கு விரைந்தாள். அங்கே அவளுக்கு முன்னால் ஆசான் வந்திருந்தார். மூடிய பள்ளத்தின்மேல் பித்தளைக் குண்டு கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள்.

"மதாம், உங்க கொம்புங்க ராத்திரி முழுக்க மூச்சு விட்டிருக்கு. அந்தச் சூட்டுலதான் மொட்டெல்லாம் பிழைச்சுது" என்றார் ஆசான்.

"என் கொம்புக்கு என்ன கேடு ஆசானே? நானும் உங்க கிட்டதானே வாங்கினேன்" என்று ஃபெர்னான் கேட்டான். அழாத குறை.

"புதைக்கும்போது உங்க மனசுல சந்தேகம் வந்துச்சு."

"சந்தேகமெல்லாம் வரலை. ஏப்பம்தான் வந்துச்சு."

"ஏப்பத்துக்குள்ள சந்தேகம் இருந்திருக்கும்" என்று ஆசான் முடித்துவிட்டார். ஃபெர்னான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். ஒழுங்காகப் புதைத்தவன் கொடி கருகிப்போச்சு, புதைக்காதவன் கொடி பிழைத்துப்போச்சு, இரண்டுக்கும் கொம்பே காரணம். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்காயே வரவில்லை, அது கொட்டகையில் வேறு வேலையாக இருந்தது.

நொயேமி பெட்டியைக் காட்டினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். உர்பேன் பதறிப்போய் அதைத் தூக்கிக்கொண்டுவந்து புதைப்பான். ஆசான் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்பான். ஆசான் அதற்கொரு பரிகாரமும் அதற்கொரு விலையும் சொல்வார். அதனால் பார்ப்போமே என்று இருந்துவிட்டாள். சாப்பாட்டு வேளையில் ஒரே ஒருமுறை, கொம்பு அங்கே இல்லாமல் போனால் என்று பேச்சைத் தொடங்கிப் பார்த்தாள். உர்பேன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். இப்படிப் பேசித்தான் போன வருஷம் போச்சு என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கோடை போயிற்று. ஜூனில் கொடி பூத்தது, ஊரெல்லாம் மெல்லிய வாசனை. நொயேமி தழையைத் தூக்கிக் கட்டினாள், கொத்துக்குக் காற்றுப் படும்படி இலை கிள்ளினாள், பூஞ்சணம் தலைகாட்டிய இடத்தில் கந்தகம் தூவினாள். உர்பேன் ஆசான் சொன்னபடி விடியற்காலையில் பீப்பாய்த் தண்ணீரை வலப்பக்கம் கலக்கினான், பிறகு இடப்பக்கம் கலக்கினான். ஆசான் வரும்போதெல்லாம் குண்டு சுற்றியது. ஆகஸ்டில் காய் கறுத்தபோது, கொம்புகள் சந்தோஷமாக இருக்கின்றன என்று அறிவித்தார். அந்த நேரத்தில் சீமாட்டி இரண்டாவது ஈட்டுக்கு அதே பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

வெயில் கடுமையாக இருந்ததால் அந்த வருஷம் பழம் முன்னதாகவே பழுத்துவிட்டது. செப்டம்பர் நடுவில் நொயேமி ஒரு பழத்தை வாயில் போட்டு விதையைக் கடித்தாள். விதை பழுப்பாகி, கறுக்கென்று உடைந்தது. தோலை விரலில் தேய்த்தால் சாயம் ஒட்டியது. இதற்குமேல் கொடியில் விடுவதில் ஒரு லாபமும் இல்லை. வானொலியிலோ கடல் பக்கமிருந்து பெருமழை வருகிறது, சனிக்கிழமை இங்கே இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆசான் குறித்த கனி நாள் அதற்கும் அடுத்த சனிக்கிழமை. அன்றுதான் கொம்பு தோண்டுவது, அன்றுதான் அறுவடை, அன்றைக்குத்தான் பாரிஸ் பஸ்.

"நாளைக்கே வெட்டிடலாம், உர்பேன்" என்றாள்.

"கொம்பைத் தோண்டாம வெட்டினா ஒயின் செத்த ஒயினாயிடும். ஆசான் சொல்லட்டும்."

"சரி, அவரையே கேட்போம். இங்கயே, எல்லார் எதிர்லயும்."

வியாழக்கிழமை ஆசான் வந்தார். அறுவடைக்கு மனதைச் சுத்தம் செய்துகொள்ள ஒரு வாரம் முன்னதாகவே சத்திரத்தில் வந்து தங்கியிருந்த பாரிஸ்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். ஊர்க்காரர்கள் வந்தார்கள். மேற்கே வானம் கருக்கத் தொடங்கியிருந்தது.

நொயேமி பணிவாகக் கேட்டாள். மழை வருகிறது, முன்னாலேயே வெட்டிக்கொள்ளலாமா என்று கொம்புகளைக் கேட்டுச் சொல்ல வேண்டும். ஆசான் கண்ணை மூடிக் குண்டைத் தொங்கவிட்டார். குண்டு மெல்ல அசைந்து, பிறகு பெரிதாகச் சுற்றியது. வேண்டாம் என்கின்றன கொம்புகள், இன்னும் குடித்து முடிக்கவில்லை என்றார்.

"எல்லாமே நல்லா இருக்கா ஆசானே? போன வருஷம் மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க. கொஞ்சம் தீர விசாரிச்சுச் சொல்லுங்க."

இப்படி மரியாதையாகக் கேட்டால் எந்த ஆசானுக்குத்தான் வாய் நிற்கும்? குனிந்தார், காதை மண்ணில் வைத்தார், உள்ளங்கையைப் பரப்பினார். "வரிசையா, நுனி மேல பார்த்துப் படுத்திருக்கு. எல்லாம் சூடா இருக்கு. இடப்பக்கத்துலேர்ந்து மூணாவதுக்கு மட்டும் லேசா ஜலதோஷம்."

வங்கி அம்மாள் அந்த மூன்றாவது தன்னுடையதாக இருக்குமோ என்று கவலைப்பட்டாள்.

"ஜலதோஷம்னா பார்த்துட்டு மூடிடலாம்" என்று சொல்லி நொயேமி மண்வெட்டியை ஓங்கி இறக்கினாள். ஆசான் தடுத்தார். கனி நாளுக்கு முன் தோண்டினால் கிரகங்கள் கோபிக்கும் என்றார். உர்பேன் அவள் கையைப் பிடித்தான். ஃபெர்னான் உர்பேன் கையைப் பிடித்தான். "விடுப்பா, எனக்கும் பார்க்கணும்" என்றான். ஏப்பத்துக்குப் பழி சுமந்தவன் அல்லவா, அவன் வயிற்றெரிச்சல் அவனுக்கு.

மண் வந்தது. இன்னும் மண் வந்தது. பிறகு ணங் என்று ஒரு சத்தம். கூட்டம் மூச்சைப் பிடித்தது. வெளியே வந்தது ஒரு காலி ஒயின் புட்டி. அதற்கப்புறம் பள்ளத்தில் ஒன்றுமில்லை, அடிப்பாறைதான்.

ஆசான் ஒரு நொடிதான் திகைத்தார். உடனே இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். "கரைஞ்சிடுச்சு. நிலம் அதுங்களை முழுசா ஏத்துக்கிச்சு. முப்பது வருஷ அனுபவத்துல இப்படி ஒரு பாக்கியத்தை நான் பார்த்ததில்லை."

என்ன சொல்ல! பல் டாக்டர் மண்டியிட்டார். வங்கி அம்மாள் பள்ளத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனைப் பார்த்திருக்கிறோம். இல்லாத பூசணிக்காயைப் பரிமாறுகிறவனை அன்றுதான் வோக்ரெஸ் பார்த்தது.

நொயேமி கொட்டகைக்கு இறங்கிப் போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சீமாட்டியும் கூடவே வந்தாள், பெட்டியின் விளிம்பில் நின்று கொக்கரித்துக்கொண்டே. உள்ளே அத்தனை கொம்பும் இருந்தன, களிமண் வாயோடு, கோழி எச்சத்தோடு.

கூட்டத்தில் சளசளப்பு எழுந்தது. இப்போதுதான் ஆசான் தன் பழைய வியாபார முகத்தைக் காட்டினார். "தோண்டி எடுத்தது நீங்கதான், மதாம். உங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே நம்பிக்கை இல்லை. சொந்தப் புருஷன் புதைச்சதையே திருடியிருக்கீங்க" என்று விரலை நீட்டினார். கூட்டம் அவள் பக்கம் முகத்தைத் திருப்பியது. பல பேருக்கு அது பிடித்தும் போயிற்று. ஏமாந்தவன் என்று பேரெடுப்பதைவிட, திருடியைப் பிடித்தவன் என்று பேரெடுப்பது சுகம்தானே.

நொயேமி அவர்களைப் பார்க்கவில்லை, உர்பேனைப் பார்த்தாள். உர்பேன் காலி புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவன் புட்டி. சீட்டில் அவன் பெயர் இன்னும் அழியவில்லை. அவன் காது மடல் சிவந்தது, பிறகு கழுத்தும் சிவந்தது. ஊரே எதிரில் நிற்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பெண்டாட்டியோடு போய்விடும். திறந்தால் காலம் முழுக்கச் சிரிப்பார்கள். வோக்ரெஸில் சிரிப்பு சாகிறவரை விடாது.

"பள்ளத்தை மூடினது ஞாபகம் இருக்கு" என்றான் மெதுவாக. "தொப்பியைக் கழட்டினது ஞாபகம் இருக்கு. பெட்டியைத் தூக்கின ஞாபகம் மட்டும் இல்லை. நான்தான் மறந்துட்டேன். வெறும் குழியைத்தான் மூடியிருக்கேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உர்பேன் சொல்றதும் பொய்னே வச்சுக்கோங்க" என்றாள் நொயேமி, கூட்டத்தைப் பார்த்து. "நான் திருடினதாவே இருக்கட்டும். எப்ப திருடியிருந்தாலும், சித்த முன்னாடி குழி காலியாத்தானே இருந்துச்சு? அப்ப ஜலதோஷம் பிடிச்சது எந்தக் கொம்புக்கு?"

அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. முதலில் ஃபெர்னான் சிரித்தான், மே மாதத்திலிருந்து தேக்கிவைத்த சிரிப்பு. பிறகு மேயர். மண்டியிட்டிருந்த பல் டாக்டர், ஏதோ தேடிக்கொண்டிருந்தவர்போல முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஆசான் விடுவாரா? ஆற்றலுக்குத் தூரம் கிடையாது, கொட்டகையிலிருந்தே கொம்பு வேலை செய்திருக்கிறது, அதைத்தான் குண்டு காட்டியது என்றார்.

"நல்லதாப் போச்சு. கொட்டகையில இருந்தே வேலை செய்யும்னா புதைக்க வேண்டாம். புதைக்க வேண்டாம்னா தோண்ட வேண்டாம். தோண்ட வேண்டாம்னா கனி நாள் எதுக்கு?" என்று நொயேமி கேட்டாள்.

பதில் சொன்னது உர்பேன். கொட்டகைப் பக்கம் திரும்பி, "கத்தரியையும் கூடையையும் எடுங்க" என்றான். கனி நாளும் இல்லை, இறங்குமுக நிலாவும் இல்லை, வானம்தான் கருத்துக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் வரிசை வரிசையாக இறங்கினார்கள். பாரிஸ்காரர்களும் வெட்கத்தோடு கத்தரி எடுத்தார்கள். காசு கட்டாமல் வேலை செய்வது அவர்களுக்கு அன்றுதான் முதல் தடவை. மறுநாள் சாயங்காலம் கடைசிக் கூடை கொட்டகைக்குள் போனபோது சரிவில் ஒரு கொத்தும் மிச்சமில்லை. சனிக்கிழமை மழை வந்தது. நொயேமி கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தாள், அவளுக்கு அழுகை வந்தது. உர்பேன் பக்கத்தில் வந்து நின்றான். அந்த வருஷம் முதல் பீப்பாய் எங்கும் போகவில்லை. மேல்சரிவை அளந்தவன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. ஒயின் ஒயினாகவே இருந்தது, நன்றாகவே இருந்தது.

உடனே ஊர் தெளிந்துவிட்டது என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு மனிதர்களைத் தெரியாது. பாரிஸ் கிளம்புகிற அவசரத்திலும் வங்கி அம்மாள் நொயேமியைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பெட்டியில் இட்ட முட்டை விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள். ஆசானோ மீசையில் மண் ஒட்டாமல் மலைக்கு அந்தப்புறம் போய்க் கடை விரித்துவிட்டார். இப்போது கொம்பு புதைப்பதெல்லாம் பழைய முறையாம். கோழி அடைகாத்த கொம்புக்குத்தான் வீரியமாம். ஈஸ்டர் முடிந்த ஞாயிறு அங்கே கார் நிறுத்த இடமில்லை என்று கேள்வி. கோழி கிடைக்காமல் வக்கீல்கள் அடித்துக்கொள்கிறார்களாம்.

சீமாட்டி பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். கோழிக்கு இருந்த அந்தப் புத்தி, காசு கட்டி வந்த கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. நீங்களும் எந்தக் குழியின் முன்னாலாவது தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறீர்களா? கழற்றியது போதும், அந்தத் தொப்பி உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் வேலை கொடுங்கள். மண்வெட்டி பக்கத்திலேயேதான் இருக்கிறது.